நம் ஒலிப்பதிவு அறையின் சின்னப் பெட்டி

(குடியிருப்போர் கூட்டத்தில், கிளப் ஹவுஸ் ஒலிப்பதிவு அறையைப் பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் சார் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்து தண்ணீர் லாரி விஷயம் இருக்கிறதாம். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மேஜை மேல் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்கிலிருந்து வரும் மின் அலையை எண்களாக்கி லேப்டாப்புக்கு அனுப்பும். அங்கிருந்து வருவதை மறுபடி ஒலியாக்கி ஹெட்ஃபோனுக்குத் தரும். இந்த இடத்தில் குரல் சிதைந்துவிட்டால் எந்த சாஃப்ட்வேரும் முழுதாக மீட்டுத் தராது. அடுத்த மாதம் ஏ பிளாக் பாட்டிகளின் தாலாட்டுகளைப் பதிவு செய்யப் போகிறோம். எண்பது வயதுக்காரரிடம் "இன்னொரு தடவை பாடுங்க" என்று எத்தனை முறை கேட்பீர்கள்?

விண்டோஸ் லேப்டாப் என்றால் முதலில் பெட்டியோடு வரும் டிரைவரை இன்ஸ்டால் செய்யுங்கள், பிறகு பெட்டியைச் செருகுங்கள். மேக்கில் பெரும்பாலும் அது தேவைப்படாது. யூஎஸ்பி ஒயரை ஹப் வழியாக இல்லாமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள். அடுத்து, பதிவு சாஃப்ட்வேரின் ஆடியோ செட்டிங்கில் விண்டோஸில் பெட்டியின் ஏசியோ டிரைவரையும், மேக்கில் பெட்டியின் பெயரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை விட்டால் லேப்டாப்பின் சொந்த மைக்கே பதிவாகிக்கொண்டிருக்கும். திரையில் அலை ஓடும், எல்லாம் சரி என்றே தோன்றும். மைக்கின் வலையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மீட்டர் துள்ளினால் சரியான மைக்.

48 வோல்ட் பொத்தான் கண்டென்சர் மைக்குக்கு மட்டும். ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்து, ஒயரைச் செருகிய பிறகே அதைப் போடுங்கள். வீட்டில் பழைய ரிப்பன் மைக் வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுவந்தால் இந்தப் பொத்தான் பக்கமே போகாதீர்கள், மைக் போய்விடலாம். வீணையில் ஒட்டும் பிக்கப்புக்கு 'இன்ஸ்ட்' பொத்தான். கீபோர்டுக்கு அது வேண்டாம்.

கெயின் குமிழில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கேசட் காலத்தில் டேப்பின் இரைச்சலை மறைக்க லெவலை ஏற்றி வைப்போம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. 24 பிட் பதிவில் இரைச்சல் மிகக் கீழே இருப்பதால் அதற்கு அவசியமே இல்லை. பாட்டின் உரத்த இடத்தை முதலில் பாடச் சொல்லி, மீட்டர் மைனஸ் 10 டெசிபல் அருகே நிற்கும்படி வையுங்கள். உண்மையாகப் பாடும்போது எல்லோரும் ஒத்திகையைவிட ஓங்கிப் பாடுவார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

சாம்பிள் ரேட் 48,000 என்றே வையுங்கள், வீடியோவோடு பொருந்தும். 44,100இல் பதிவானதைத் தப்பாக 48,000இல் ஓட்டினால் பாட்டு வேகமாகும், ஸ்ருதியும் ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிவிடும்.

பஃபர் என்று ஒன்று உண்டு. 128 என்று வைத்தால் தாமதம் ஒரு வழிக்கு 3 மில்லி செகண்டுக்கும் குறைவு. ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் நம் காதுக்கு வரும் நேரம்தான். 1024 என்றால் 21 மில்லி செகண்ட், போக வர இரட்டிப்பு. தன் குரலே பின்தங்கிக் கேட்டால் பாடுபவருக்குத் தாளம் தடுமாறும். பதிவுக்கு 128, படபடவென்று சத்தம் வந்தால் 256. மிக்ஸிங்கின்போது 1024 வைத்துக்கொள்ளலாம். 'டைரக்ட் மானிட்டர்' போட்டால் குரல் லேப்டாப்புக்குப் போகாமலே ஹெட்ஃபோனில் கேட்கும். அப்போது சாஃப்ட்வேரில் அந்த ட்ராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் குரல் இரண்டாகக் கேட்கும். புளூடூத் ஹெட்ஃபோன் தயவுசெய்து வேண்டாம்.

'ங்...' என்று ரீங்காரம் வந்தால் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். அதற்காக யாரும் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கக் கூடாது, அது உயிர்க் காவல். மின்விசிறியையும் அணைத்துவிடுங்கள். குக்கர் விசிலுக்கு மட்டும் என்னிடம் பரிகாரம் இல்லை. அதனால்தான் பதிவு நேரத்தை மதியம் 3 முதல் 5 வரை வைத்திருக்கிறோம்.

முடிந்ததும் முதலில் ஸ்பீக்கரை அணையுங்கள், பிறகு 48 வோல்ட்டை. ஒரு நிமிடம் கழித்து மைக்கைக் கழற்றுங்கள். பதிவை லேப்டாப்பிலும் பென் டிரைவிலுமாக இரண்டு இடத்தில் சேமித்துவிட்டு, சாவியை செக்யூரிட்டியிடம் கொடுத்து நோட்டில் கையெழுத்துப் போடுங்கள்.