பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுங்கள்

(மரக்காணம் உப்பளத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று பெண்களின் ரத்தத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆண்கள் எழுந்து போய்விட வேண்டாம். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உப்பு வாரும்போது கையில் கீறினால் ரத்தம் வருகிறது. சற்று நேரத்தில் உறைந்து நின்றுவிடுகிறது. உறையாவிட்டால் மனிதன் பிழைக்க முடியாது. ஆனால் காயமே இல்லாமல் ரத்தக் குழாய்க்குள்ளேயே உறைந்தால்? பாத்திக்குப் போகும் வாய்க்காலில் சேறு அடைத்துக்கொண்ட மாதிரிதான்.

கர்ப்பிணியின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பல மடங்கு பெருகுகிறது. அது ஈரலைத் தூண்டி, ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களை அதிகமாக்குகிறது. உறைவதைத் தடுக்கும் 'புரோட்டீன் எஸ்' என்ற பொருளோ குறைகிறது. இது நோயல்ல, இயற்கையின் முன்னேற்பாடு. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு கழன்று விழுந்ததும் கருப்பை சுருங்க வேண்டும், ரத்தமும் சீக்கிரம் உறைய வேண்டும். அப்போதுதான் தாய் பிழைப்பாள்.

ஆனால் பிரசவமான மறுநாளே ரத்தம் பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை. 6 வாரம் ஆபத்து மிகுதி. 12 வாரம் வரை ஓரளவு நீடிக்கிறது.

அந்த நாட்களில் நாம் என்ன செய்கிறோம்? 'பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும்' என்று தாயின் தொண்டையைக் காய வைக்கிறோம். மூலையில் அசையாமல் படுக்க வைக்கிறோம். படுத்தே கிடந்தால் ரத்த ஓட்டம் மந்தமாகும். நீர் வற்றினால் என்ன ஆகும் என்று உப்பு விளைவிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

நம் நாட்டில் மூளையின் ரத்தக் குழாய் அடைபடும் ஒருவகை நோய், பிரசவித்த இளம் பெண்களைத் தாக்குவதை பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் டாக்டர் நாகராஜா முதலானோர் விரிவாக ஆராய்ந்தார்கள். தண்ணீர் கொடுக்காத வழக்கமும் ரத்தசோகையும் இதற்குத் துணைபோகின்றன என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

அடையாளம் என்ன? விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் விழுதல். இதைத்தான் 'ஜன்னி கண்டது', 'காற்றுக் கருப்பு' என்று சொல்லி மந்திரிக்கப் போகிறார்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு முட்டி மார்பு வலித்தாலும் காரணம் ரத்த உறைவாக இருக்கலாம். உடனே 108-க்குச் சொல்லுங்கள். ஹெப்பாரின் என்ற ஊசிமருந்து இருக்கிறது. நேரத்தோடு போனால் பெரும்பாலோரைக் காப்பாற்றலாம்.

மாலா-டி, மாலா-என் கருத்தடை மாத்திரைகளிலும் ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து உண்டு. பயந்து ஓட வேண்டாம்; பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை. ஆனால் முன்பு ரத்தம் உறைந்து அடைபட்டவர்களும், பிள்ளை பெற்ற புதிதில் இருப்பவர்களும் சாப்பிடக் கூடாது. திருவிழாவுக்காகத் தீட்டைத் தள்ளிப்போடும் மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கி விழுங்காதீர்கள்.

இன்னொன்று. மறைவிடம் இல்லாத அளத்தில், ஒதுங்க இடமில்லையே என்று பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். கூடை சுமக்கும் கர்ப்பிணிக்கும் அதே கதிதான். 1961-ல் பிரசவச் சலுகைச் சட்டம் வந்தது. 2017-ல் விடுப்பை 26 வாரம் வரை உயர்த்தினார்கள். தினக்கூலிப் பெண்ணுக்கு அது ஏட்டுச் சுரைக்காய்! ஆகவே அளத்தில் குடிதண்ணீர், நிழல், கழிப்பிடம், பிரசவ கால ஊதியம் ஆகிய நான்கையும் நம் கோரிக்கைப் பட்டியலில் முதலில் எழுத வேண்டும்.

அது கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாத காரியம் ஒன்று உண்டு. பிள்ளை பெற்றவளின் கையெட்டும் இடத்தில் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு செம்பு வையுங்கள். டாக்டர் சரி என்றதும் எழுந்து நாலடி நடக்க விடுங்கள். கிழவிகள் முணுமுணுத்தால் ஆண்கள் பக்கத்தில் நின்று பதில் சொல்லுங்கள்.