மணலும் உப்பும் எண்களும்



ஹெலிகொப்டர் சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் நம்மில் பலர். இன்று நாம் வாழும் நாடுகளில் கடலில் தத்தளிப்பவரையும் மலையில் விழுந்தவரையும் காப்பாற்ற வருவதும் ஹெலிகொப்டர்தான். மணலிலும் உப்புக்காற்றிலும் அதன் இயந்திரம் பழுதுபட்டால் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கணக்காளனாகிய எனக்குப் பிடித்த விடை அது.

அந்த இயந்திரம் காற்றை உறிஞ்சி, அமுக்கி, எரிபொருளோடு எரித்து, சூடான வாயுவால் சுழலியைச் சுற்ற வைக்கிறது. பாலைவனத்தில் காற்றோடு மணலும் உள்ளே போய், அமுக்கும் பகுதியின் தகடுகளை அரம்போலத் தேய்க்கும். மெல்லிய தூசி வெப்பத்தில் உருகி, சுழலித் தகடுகளில் கண்ணாடிபோல ஒட்டும். கடற்பக்கத்தில் உப்புப் படியும். வியட்நாம் யுத்தத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு, பிளாக் ஹோக் ஹெலிகொப்டருக்கென உருவான ரி-700 இயந்திரத்தின் முகப்பிலேயே, காற்றைச் சுழற்றி மணலைப் பிரித்து வெளியே தள்ளும் அமைப்பை வைத்தார்கள். அப்படியும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும்.

அதைக் காட்டிக்கொடுப்பவை எண்கள். இயந்திரத்தின் வலு, உள்வெப்பம், வெளிவெப்பம், பறக்கும் உயரம் எல்லாவற்றையும் கிரமமாகப் பதிகிறார்கள். வெளிவெப்பத்துக்கும் உயரத்துக்கும் ஈடுசெய்து பார்த்த பின்பும், அதே வலுவுக்கு உள்வெப்பம் கிழமைக்குக் கிழமை ஏறினால் எங்கோ கோளாறு. அதற்காக உடனே இயந்திரத்தைக் கழற்றுவதில்லை. வெப்பத்தை அளக்கும் கருவி சரியா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு எங்காவது காற்று ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். அதன்பின் உள்ளே கழுவி, மறுபடி அளப்பார்கள். வெப்பம் இறங்கினால் குற்றவாளி அழுக்கு. இறங்காவிட்டால் சிறு கமராவை உள்ளே செலுத்தித் தேய்ந்த தகட்டைத் தேடுவார்கள்.

ஒருநாள் மீதியை மட்டும் பார்த்து ஒரு கடையின் நிலையைச் சொல்லமுடியாது, மாதக்கணக்கைப் புரட்டவேண்டும். இங்கும் அப்படித்தான். ஆனால் ஒரு வித்தியாசம். களைத்துப்போன ஒருவர் அளக்காமல் நேற்றைய எண்ணையே இன்றும் எழுதிவைத்தால், கடையில் காசு குறையும்; இங்கே, இல்லாத வலுவை நம்பி விமானி ஆட்களை ஏற்றிக்கொண்டு எழும்புவார்.

விமானத் தொழில்நுட்பம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: கண்ட எண்ணையே எழுதுங்கள், அது பிடிக்காத எண்ணாக இருந்தாலும்.