எந்தக் கரையில் தங்குவது?



மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மாதம். கனடாவிலிருந்து என் அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். பதினொரு வருடம் கழித்து வருகிறாள். பிள்ளைகள் இருவருக்கும் இலங்கை அதுதான் முதல் தடவை. அங்கிருந்தே படங்களைப் பார்த்து, தென்மேற்குக் கரையில் ஒரு விடுதியில் ஐந்து நாளுக்கு அறை எடுத்திருந்தாள். படத்தில் கடல் கண்ணாடி போலக் கிடந்தது. நாங்கள் போய் இறங்கியபோது மணலில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். பழுப்பு நிறத்தில் கடல் பொங்கிக்கொண்டிருந்தது. அலை இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. பிள்ளைகள் மூன்று நாளும் நீச்சல் தடாகத்தில்தான் கிடந்தார்கள். சின்னவன் மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று என்னிடம் கேட்டான்: "சித்தி, கடல் எப்ப திறக்கும்?"

நவம்பர் கடைசியில்தான் என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

அக்கா விடுதியைப் பார்த்தாள், விலையைப் பார்த்தாள், மாதத்தை மட்டும் பார்க்கவில்லை. இந்த நாட்டிலேயே இருக்கிற நானாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம்தான் இன்றைக்கு இதைப் பேச வைக்கிறது. ஏனென்றால் நம் உறவுகள் வெளிநாட்டிலிருந்து வருவது பெரும்பாலும் பள்ளிக்கூட விடுமுறைக்கு, அதாவது ஜூலையிலும் ஓகஸ்டிலும்.

மே முதல் செப்டெம்பர் வரை வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. யாழ்ப்பாணத்தில் அதைச் சோழகம் என்போம். திறந்த சமுத்திரத்தைக் கடந்து வந்து நீர்கொழும்பு, பெந்தோட்டை, ஹிக்கடுவை, காலி, மிரிஸ்ஸ என்று அந்தக் கரை முழுவதிலும் மோதும். பிறகு நடுவிலே மலைநாடு குறுக்கே நிற்கிறது. பிதுருதலாகல மட்டும் 2,524 மீற்றர். கொண்டுவந்த மழையை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, அந்தக் காற்று காய்ந்து, சூடேறி, கிழக்கே இறங்குகிறது. மட்டக்களப்பில் அதற்குக் கச்சான் என்று பெயர். கச்சான் தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுவதால் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். ஒக்டோபர் கழிந்து வாடை, அதாவது வடகிழக்குப் பருவக்காற்று, தொடங்கினால் எல்லாம் தலைகீழ். நவம்பர் முதல் ஜனவரி வரை திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் மழை கொட்டும். டிசெம்பர் பிறந்தால் தெற்குக் கடல் நீலமாகிவிடும். திமிங்கிலம் பார்க்கப் போகிற படகுகளும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. வருட முடிவிலிருந்து ஏப்ரல் வரை மிரிஸ்ஸவிலிருந்து, மே பிறந்தால் திருகோணமலையிலிருந்து.

ஆகவே முதலில் மாதம். அது தெரிந்தால் பாதித் தீவு தானாகவே கழிந்துவிடும். அடுத்த கேள்வி, உங்களோடு வருகிறவர்களில் யாருடைய கால் மிகவும் மெல்ல நடக்கும் என்பது. எங்கள் பயணத்தில் அது அம்மம்மா. வயது எண்பத்தொன்று, இரண்டு முழங்காலிலும் வலி.

நான்காம் நாள் காலையில் மிச்ச இரண்டு நாள் காசையும் விட்டுவிட்டு, வாகனம் பிடித்துப் பாசிக்குடாவுக்குப் போனோம். மட்டக்களப்புக்கு வடக்கே, வாழைச்சேனைக்குப் பக்கத்தில் இருக்கிற வளைகுடா அது. நெடுந்தூரம் உள்ளே போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. கால் வைத்தால் மெத்தென்ற மணல். அம்மம்மாவை இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முழங்கால் அளவுத் தண்ணீரில் உட்கார வைத்தோம். சேலை மிதந்து மேலே வந்தது. அதை ஒரு கையால் அமர்த்திக்கொண்டே, மற்றக் கையால் தண்ணீரை அள்ளி அள்ளித் தன் முழங்காலில் ஊற்றிக்கொண்டிருந்தா. ஒன்றரை மணி நேரம் எழும்ப மறுத்துவிட்டா. சின்னவன் சுற்றிச் சுற்றி ஓடினான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பாசிக்குடாவில் விடுதிகள் ஒரு வரிசையாக இருக்கின்றன. யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு எழும்பியவைதான் அதிகம். விடுதியை விட்டு வெளியே வந்தால் பொழுதுபோக்க அதிகம் இல்லை. பின்னேரம் கடைத்தெருவில் நடக்க வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும் என்கிறவர்களுக்கு இரண்டாம் நாளே அலுத்துப்போகும். அவர்களுக்குத் திருகோணமலைதான் சரி.

அங்கேயும் மூன்று இடம் இருக்கிறது. நகரத்திலேயே தங்கினால் கோணேசர் கோயில் பூசைக்கு நடந்தே போகலாம். உப்புவெளி நகரத்திலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர். ஓட்டோ எந்த நேரமும் கிடைக்கும், சின்னச் சின்ன விடுதிகள், சாப்பாட்டுக் கடைகள், கொஞ்சம் கலகலப்பு. அதையும் தாண்டிப் பதினைந்து கிலோமீற்றர் அளவில் நிலாவெளி. அகலமான வெண்மணல், ஆளரவம் குறைவு, விடியற்காலையில் கரைவலை இழுக்கிற ஆட்கள். அங்கிருந்து ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு. 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம், சுற்றிவர முருகைக்கற்கள். நீந்தத் தெரிந்த இளவட்டங்கள் நிலாவெளியில் தங்கட்டும். படகில் போகிறவர்கள் தயவுசெய்து முருகைக்கல்லின் மேல் ஏறி நிற்க வேண்டாம். கல் என்று பெயர் இருந்தாலும் அது உயிர். ஒரு மிதியில் முறிந்தது திரும்ப வளர வருடக்கணக்காகும்.

அறுகம்பைக்கு ஆசைப்படுகிறவர்களும் இருப்பீர்கள். பொத்துவிலுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஊருக்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருவது அலைக்காக. பலகையில் அலையேறத் தெரிந்தவர்கள், படிக்க விரும்புகிறவர்கள் தாராளமாகப் போகலாம். அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கிழக்குக்குப் போகிற பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. கச்சான் கடலை அமைதியாக்குகிறது என்று சொன்னேனே, அதே கச்சான்தான் ஆபத்தும். பாசிக்குடாவுக்குப் பிறகு நிலாவெளிக்கும் போனோம். அங்கே அக்காவின் மூத்த மகள் காற்றடைத்த டியூப் ஒன்றை இடுப்பில் போட்டுக்கொண்டு மிதந்துகொண்டிருந்தாள். கடலில் அலையே இல்லை. அக்கா துவாயை உதறி விரித்து நிமிர்வதற்குள் பிள்ளை ஐம்பது யார் தூரம் போய்விட்டாள். அவளுக்கே தெரியவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு தம்பி ஓடிப்போய் நீந்தி இழுத்து வந்தார். "அக்கா, இந்தக் காத்துக்கு டியூப் விடக் கூடாது, அது வெளிய கொண்டு போயிரும்" என்று மூச்சு வாங்கச் சொன்னார். கரையிலிருந்து வீசும் காற்றில் டியூப், காற்று மெத்தை எதுவும் வேண்டவே வேண்டாம்.

தெற்குக் கரைக்கு வருகிறேன். அங்கே பார்க்க வேண்டிய விஷயம் வேறு. காலி வீதியும் ரயில் பாதையும் பல இடங்களில் கடலை ஒட்டியே ஓடுகின்றன. 'கடலோர விடுதி' என்று போட்டிருக்கும். போய்ப் பார்த்தால் அறைக்கும் மணலுக்கும் நடுவே பஸ் பறந்துகொண்டிருக்கும். சின்னப் பிள்ளைகளோடு அந்த வீதியைக் கடப்பது லேசான காரியமில்லை. ஆகவே அறை எடுக்குமுன் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேளுங்கள்: விடுதிக்கும் கடலுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

இந்த வருடம் அக்கா டிசெம்பரில் வருகிறாள். நிலாவெளியிலேயே அறை போடு என்றாள். பிள்ளைகள் அதே கடலைக் கேட்கிறார்களாம். டிசெம்பரில் அங்கே மழை என்று சொல்லி, காலிக்குப் பக்கத்தில் உனவட்டுனவைச் சொன்னேன். வளைந்த குடா, காலிக் கோட்டைக்கு ஓட்டோவில் போய்வரலாம், சாப்பிட நிறையக் கடைகள். அம்மம்மாவும் வருகிறா. மூன்று விடுதிகளுக்குத் தொலைபேசி எடுத்து, அறையிலிருந்து மணலுக்கு எத்தனை படி என்று கேட்டேன். இரண்டு இடத்தில் "கொஞ்சம்தான் மிஸ்" என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு பெண், இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய் எண்ணிப் பார்த்து வந்தார். ஒன்பது படி என்றார். கைப்பிடி இருக்கிறதா என்றேன். இருக்கிறது, ஆனால் ஆறாவது படியோடு முடிகிறது, கடைசி மூன்று படிக்கும் நாங்கள் யாராவது பிடித்துவிடுகிறோம் என்றார். அறையை எடுத்துவிட்டேன்.