மெட்டில் ஏறும் அறிவியல்

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளைக் கவனியுங்கள். நேற்று வந்த சினிமாப் பாட்டு வரி பிசகாமல் வரும். ஒளிச்சேர்க்கை, நீராவிப்போக்கு என்றால்தான் முழிப்பார்கள்.

மெட்டு இருந்தால் பாடமும் இப்படி மனதில் நிற்கும். அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மண்டல புருடரின் சூடாமணி நிகண்டை ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். 12 தொகுதிகள், விலங்குப் பெயர்களுக்கு ஒன்று, மரப் பெயர்களுக்கு ஒன்று. அகராதியேதான், ஆனால் விருத்தப்பாவில்! எதுகை பிடிபட்டால் அடுத்த சொல் தானாக நாக்குக்கு வந்துவிடும். சித்த வைத்தியர்களும் மூலிகைக் குணங்களைச் செய்யுளாகத்தான் மனப்பாடம் செய்தார்கள். அமெரிக்காவில் டாம் லெரர் என்ற கணித ஆசிரியர், அன்று தெரிந்திருந்த 102 தனிமங்களின் பெயர்களையும் ஒரே பாட்டில் அடைத்து 1959-இல் வெளியிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். பாட்டு பெயரைத்தான் தரும், பொருளைத் தராது. செடியின் இலைக்கொத்தை பாலித்தீன் பையால் மூடிக் கட்டி, கொஞ்ச நேரம் வெயிலில் விடுங்கள்; பைக்குள் நீர்த்துளி அரும்பும். நீராவிப்போக்கு அதுதான்.

ஆசிரியப் பெருமக்களே, முதலில் அதைக் காட்டுங்கள். பிறகு மெட்டுக் கட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.