பச்சை கலர் அடிச்சா பிரச்சினை தீர்ந்துடுமா?

(ஞாயிற்றுக்கிழமை நடந்த ஐ.டி. விங் தன்னார்வலர் கூட்டத்தில் நம்ம தம்பி ஒருவர் பேசியதின் எழுத்து வடிவம். முழுசா படிங்க, ஷேர் பண்ணுங்க.)



முதல்ல ஒரு தப்பை ஒத்துக்கிறேன். நம்ம வார்டு வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு பெரியவர் மெசேஜ் போட்டிருந்தார். முதியோர் உதவித்தொகை நாலு மாசமா வரல. மனுவை ஆபீஸுக்கு அனுப்பிட்டு, நம்ம ஷீட்ல "முடிந்தது"ன்னு பச்சை கலர் அடிச்சேன். ரெண்டு மாசம் கழிச்சு அவரே போன் பண்ணார். "தம்பி, முடிஞ்சதுன்னு சொன்னீங்களே, எனக்கு இன்னும் வரலியேப்பா."

முடிஞ்சது என் வேலை. அவர் பிரச்சினை அப்படியேதான் இருந்தது.

அந்த உறுத்தல்ல, வேற ஊர்ல பெரியவங்க புகாரை எப்படிக் கையாளுறாங்கன்னு தேடிப் படிச்சேன். இங்கிலாந்துல நடக்கிற முறை என்னை யோசிக்க வச்சது.

அங்க வயசானவங்களையும் மாற்றுத்திறனாளிகளையும் கவனிக்கிற பொறுப்பு உள்ளாட்சி கவுன்சிலுக்கு. 2014-ல வந்த பராமரிப்புச் சட்டப்படி, ஒருத்தருக்கு என்ன உதவி தேவைன்னு கவுன்சில் மதிப்பிடணும். குளிப்பாட்ட, சாப்பாடு கொடுக்க, மாத்திரை எடுத்துக் கொடுக்க வீட்டுக்கே ஆள் வருவாங்க. முடியாதவங்களுக்கு முதியோர் இல்லம். வசதிக்கு ஏத்த மாதிரி கட்டணமும் உண்டு.

அங்கயும் கோளாறு நடக்குது. வர வேண்டிய ஆள் வரல, மதிப்பீடு மாசக்கணக்கா தள்ளிப்போகுது, புரியாத பில் வருது. புகார் வந்தப்புறம் என்ன நடக்குதுங்கறதுதான் விஷயம்.

2009-ல வந்த விதிகள்படி, புகார் கிடைச்ச 3 வேலை நாளுக்குள்ள "வந்து சேர்ந்தது"ன்னு பதில் சொல்லணும். எப்படி விசாரிக்கப் போறோம்னு புகார் கொடுத்தவர்கிட்டயே பேசணும். வருஷக் கடைசியில ஒரு அறிக்கை தயாரிக்கணும்: எத்தனை புகார் வந்தது, எத்தனை நியாயமானது, எத்தனை மேல போச்சு. கூடவே, அந்தப் புகார்களால சேவையில என்னத்தை மாத்தினீங்கன்னும் எழுதணும். யார் கேட்டாலும் அந்த அறிக்கையைக் கொடுக்கணும்.

கவுன்சில் பதில் திருப்தி இல்லன்னா மேல ஒரு குறைதீர்ப்பாளர் இருக்கார். 1974 சட்டத்துல உருவான பதவி. காசு கட்ட வேண்டாம், வக்கீல் வேண்டாம். வேலையைத் தனியார் கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் விட்டிருந்தாலும், "அது அவங்க தப்பு"ன்னு கவுன்சில் கை கழுவ முடியாது. பொறுப்பு கவுன்சிலுக்குத்தான்.

ஒரு உதாரணம். கவுன்சில் உதவியோட ஒருத்தரை முதியோர் இல்லத்துல சேர்க்கும்போது, அவருக்கு ஒதுக்கின தொகைக்குள்ள அடங்குற ஒரு இல்லத்தையாவது கவுன்சில் காட்டணும். அதைச் சொல்லாம விட்டா, பிள்ளைங்க வேற வழியில்லன்னு நினைச்சு கூடுதல் பணம் கட்டிக்கிட்டே இருப்பாங்க. இப்படி புகார் போனா, குறைதீர்ப்பாளர் அந்தக் குடும்பத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்றதோட விடமாட்டார். இதே மாதிரி இன்னும் எத்தனை குடும்பம் மாட்டியிருக்குன்னு பழைய ஃபைலைப் பார்க்கச் சொல்வார். கடிதத்தை மாத்து, ஊழியருக்குப் பயிற்சி கொடுன்னும் சொல்வார். ஒருத்தர் கொடுத்த புகார், வாயே திறக்காத பல பேருக்கு உதவுது.

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இது புரியும். டிக்கெட்டை மூடுறது வேற, பக்-ஐ சரி பண்றது வேற.

அவர் பரிந்துரையை ஏத்துக்கணும்னு சட்டக் கட்டாயம் இல்ல. ஆனா கிட்டத்தட்ட எல்லா கவுன்சிலும் ஏத்துக்குது. காரணம், முடிவுகள் வெளியிடப்படுது. பெரிய தப்புன்னா அறிக்கை வந்திருக்குன்னு கவுன்சிலே பேப்பர்ல விளம்பரம் போடணும்.

அங்க எல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரல. நிதி தட்டுப்பாடு இருக்கு, காத்திருப்பு இருக்கு. "இன்னிக்குப் புகார் சொன்னா நாளைக்கு வர்ற ஆள் என்னை எப்படி நடத்துவாரோ"ன்னு பயந்து வாயை மூடிக்கிற பெரியவங்க அங்கயும் இருக்காங்க. அதனால புகாரே வராத இடத்தை நல்ல இடம்னு நம்பிடக் கூடாது. அங்க ஜனங்க பயந்துபோயோ சலிச்சுப்போயோ இருக்கலாம்.

இப்போ நம்ம கதைக்கு வர்றேன். நம்ம பக்கத்துல ஒருத்தர் "எங்க தெருவுல தண்ணி வரல"ன்னு கமெண்ட் போட்டா, பத்து நிமிஷத்துல நம்மாளுங்களே "எதிர்க்கட்சி ஸ்லீப்பர் செல்"ன்னு பாய்றாங்க. தோழர்களே, தயவுசெஞ்சு இதை நிறுத்துங்க. புகார் சொல்றவர் இன்னும் நம்மை நம்புறவர். நம்பிக்கை போனவர் கமெண்ட் போடமாட்டார், பூத்ல பதில் சொல்லுவார்.

அந்தப் பெரியவர் வீட்டுக்கு நேர்ல போனேன். வங்கிக் கணக்குல ஆதார் இணைப்பு விட்டுப்போயிருந்தது. சரி பண்ணோம், பணம் வந்துடுச்சு. பக்கத்துல விசாரிச்சா, அதே தெருவுல இன்னும் மூணு பேருக்கு இதே சிக்கல். அவங்க யாரும் நமக்கு மெசேஜே போடல.

நம்ம ஷீட்ல இனிமே மூணு காலம் புதுசா வருது: அவருக்குக் கிடைச்சதா? வேற யாருக்கு இதே பிரச்சினை? எதை மாத்தினோம்? இந்த மூணும் நிரம்பாம யாரும் பச்சை கலர் அடிக்காதீங்க. நானும் அடிக்கமாட்டேன்.



#பதில்சொல்வோம் #மக்கள்குரல்