வீட்டுக்குள் ஒரு கங்காணி

(வைட்ஃபீல்டில் நடந்த சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, வாடகை, ரேஷன் கார்டு என்று பேசிவந்த இந்த மேடையில் இன்று டி.வி. பெட்டியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதுவும் சுரண்டலைப் பற்றிய பேச்சுதான்.

2006-ல் தமிழ்நாட்டு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. நம்மில் பலருடைய ஊர் வீட்டுக்கும் அது வந்தது. அந்தப் பெட்டி படத்தைக் கொண்டுவந்து காட்டியது; நம்மிடமிருந்து எதையும் எடுத்துச் செல்லவில்லை. இன்று காடுகோடியிலும் இம்மடிஹள்ளியிலும் மாதத் தவணைக்கு வாங்கி மாட்டியிருக்கிறோமே ஸ்மார்ட் டி.வி., அது அப்படிப்பட்டதல்ல. நாம் அதைப் பார்க்கிறோம். அதுவும் நம்மைப் பார்க்கிறது.

எப்படி என்று கேட்பீர்கள். ஏ.சி.ஆர். என்று ஓர் ஏற்பாடு பல பெட்டிகளில் இருக்கிறது. திரையில் ஓடும் படத்தையும் ஒலியையும் துணுக்குத் துணுக்காக எடுத்து, கைரேகை போல ஓர் அடையாளமாக்கி, இன்டர்நெட் வழியாகக் கம்பெனிக்கு அனுப்பும். இந்த வீட்டில் இந்த நேரத்தில் இன்னது ஓடுகிறது என்று அங்கே குறித்துக்கொள்வார்கள். 2024-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்களும் மற்றவர்களும் சாம்சங், எல்.ஜி. பெட்டிகளைச் சோதித்தார்கள். கம்ப்யூட்டரை ஒயரில் இணைத்து டி.வி.யை வெறும் திரையாகப் பயன்படுத்தியபோதுகூட இந்தக் கண்காணிப்பு நடந்தது.

தேயிலைத் தோட்டத்துக் கங்காணியை நம் பாட்டன்மார் அறிவார்கள். எத்தனை ஆட்களை வேலைக்கு இறக்கினானோ அத்தனை தலைக்கும் துரையிடம் தலைக்காசு வாங்கினான். இன்றைய கங்காணியைக் காசு கொடுத்து நாமே வாங்கி, நம் வீட்டுச் சுவரில் நாமே மாட்டிக்கொள்கிறோம்!

இது கற்பனையல்ல. அமெரிக்காவில் விசியோ என்ற கம்பெனி 1 கோடியே 10 லட்சம் பெட்டிகளிலிருந்து, வீட்டாரின் சம்மதம் கேட்காமல், அவர்கள் பார்த்ததையெல்லாம் நொடிக்கு நொடி திரட்டியது. வயது, வருமானம், மணமானவரா, வீட்டில் எத்தனை பேர் என்ற விவரங்களும் அதோடு சேர்க்கப்பட்டு மற்றக் கம்பெனிகளுக்குப் போயின. 2017-ல் அது அரசுக்குக் கட்டிய தொகை 22 லட்சம் டாலர். டிக்கெட் கவுண்டர்காரன் கணக்குப்படி பெட்டி ஒன்றுக்கு 20 சென்ட். நம் பணத்தில் இருபது ரூபாய்கூட இல்லை. அது அபராதமா, தொழில் செய்ய லைசென்ஸ் கட்டணமா? 2021-ல் ஒரு காலாண்டில் அந்தக் கம்பெனிக்குப் பெட்டி விற்ற லாபத்தைவிட விளம்பரமும் விவரமும் விற்ற லாபம் இரண்டு மடங்குக்கு மேல். 2024 டிசம்பரில் வால்மார்ட் அதை 230 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. பெட்டி ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்பது இப்போது விளங்குகிறதா?

"நம்மிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? பார்த்துவிட்டுப் போகட்டுமே" என்று தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். ஒளிக்க ஒன்றுமில்லை என்பதும், விற்க ஒன்றுமில்லை என்பதும் ஒன்றல்ல. எந்த மொழிச் செய்தி கேட்கிறோம், எந்தக் கட்சியின் சேனல் பார்க்கிறோம், எந்தச் சாமியின் பாட்டுப் போடுகிறோம், எந்நேரம் வீட்டில் இருக்கிறோம் என்பதெல்லாம் அந்தக் கணக்கிலிருந்து தெரியும். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் இந்த நகரத்தில் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எந்த வீட்டில் எந்த மொழி என்ற பட்டியல் சந்தையில் விலைக்குக் கிடைக்கும் சரக்காகக் கூடாது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கன்னடத் தோழரின் வீட்டிலும் இதே பெட்டிதான். அவருக்கும் இதே நட்டம்தான்.

ரயில்வேயில் முன்பதிவுப் படிவத்தில் பயணி பேர், வயது எழுதித் தருகிறார். பயணத்துக்காகத் தெரிந்தே தருகிறார். 2022-ல் ஐ.ஆர்.சி.டி.சி. அந்தப் பயணிகள் விவரங்களிலிருந்து வருமானம் தேட ஆலோசகர் கேட்டு டெண்டர் விட்டது. எதிர்ப்புக் கிளம்பியது; நாடாளுமன்றக் குழு கேள்வி கேட்டது; அதே ஆகஸ்ட் மாதத்தில் டெண்டர் வாபஸ். மக்கள் குரல் எழுப்பினால் பின்வாங்குவார்கள் என்பதற்கு இது சாட்சி.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி, முதிய வயதில் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சம்மதம் தெளிவாகக் கேட்கப்பட வேண்டும். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள எந்த மொழியிலும் அதைப் படிக்க வசதி வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கண்காணித்து விளம்பரம் காட்டக்கூடாது. எல்லாம் நல்ல வார்த்தைகள்.

ஆனால் நடந்தது என்ன? 2025 நவம்பரில் விதிகளை அறிவித்தபோது, கம்பெனிகளின் முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தந்தார்கள். அதாவது 2027 மே வரை. அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைச் சுருக்கியது. அதற்கு மட்டும் அவகாசமில்லை, உடனே அமல்! கூலிப் பட்டியலையும் பயனாளிகள் பட்டியலையும் கேட்டால், "தனிநபர் விவரம்" என்று அதிகாரி மறுக்க வழி அகலமாயிற்று. அபராதம் விதித்தாலும் அந்தப் பணம் அரசுக் கஜானாவுக்குப் போகும். நட்டப்பட்ட குடும்பத்துக்கு அதிலிருந்து ஒரு பைசா இல்லை. எஜமானின் பெட்டியில் எட்டிப்பார்க்க ஏழைக்குத் தடை. ஏழையின் வீட்டில் எட்டிப்பார்க்க எஜமானுக்குத் தவணை. இதுதான் கொள்கையா?

ஆகவே, நாம் கேட்க வேண்டியவை மூன்று. கண்காணிப்பு அணைக்கப்பட்ட நிலையிலேயே பெட்டி விற்கப்பட வேண்டும், வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். பணம் கட்டும் முன் கடையிலேயே கன்னடத்திலும் தமிழிலும் விவரம் தர வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தைப் பழையபடி ஆக்க வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். செட்டிங்ஸ் பகுதியில் சாம்சங்கில் "வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்", எல்.ஜி.யில் "லைவ் ப்ளஸ்" என்று இருப்பதை அணையுங்கள். நான் சொன்ன ஆய்வில், அணைத்தபின் அந்தக் கணக்கு அனுப்புவது நின்றது. விளம்பர சம்மதத்தையும், தேவையில்லாவிட்டால் மைக்கையும் நிறுத்துங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வரிசை வீடுகளில் ஒவ்வொரு வீடாகப் போய் இதைச் செய்து தரட்டும். சங்கத்தின் சார்பில் மத்திய அமைச்சருக்கு எழுதும் மனு மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

உழைப்பை விற்றுத்தான் வாழ்கிறோம். ஓய்வையும் விற்கவேண்டிய கட்டாயம் நமக்கில்லை.