பார்சலைக் காட்டும் திரை எதை மறைக்கிறது?

(கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பார்சலுக்காகக் காத்திருப்பது இன்று வசதி படைத்தவர்களின் அனுபவம் மட்டுமல்ல. மருந்து, பாடநூல், கைபேசி உதிரிப்பாகம், வங்கி அட்டை என உழைக்கும் குடும்பங்களின் தேவைகள் பலவும் பார்சலாகவே வாசலுக்கு வருகின்றன. காத்திருப்பவரின் கையில் ஒரு கைபேசித் திரை இருக்கிறது. ‘அனுப்பப்பட்டது’, ‘கிடங்கை அடைந்தது’, ‘விநியோகத்துக்குப் புறப்பட்டது’ என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. எல்லாம் வெளிப்படையாக நடக்கிறது என்ற நம்பிக்கையை அது ஊட்டுகிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு சரியானது, அது யாருக்குப் பயன்படுகிறது என்பதே இங்கு ஆராயப்பட வேண்டிய கேள்வி.

வாடிக்கையாளர்களின் மனக்குறைகள் நாடெங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. முதலாவது, பார்சல் ஏதோ ஒரு கிடங்கில் நாள்கணக்கில் அசையாமல் நிற்பது. இரண்டாவது, நாள் முழுவதும் வீட்டில் காத்திருந்தும், ‘வாடிக்கையாளர் வீட்டில் இல்லை’ என்று மாலையில் குறுஞ்செய்தி வருவது. மூன்றாவது, கைக்கு வராத பொருள் ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று பதிவாவது. முறையிட அழைத்தால் மனிதக் குரல் கிடைப்பதில்லை. இயந்திரம் மீண்டும் அதே திரையைப் பார்க்கச் சொல்கிறது.

‘நேரலை’ என்பதன் பொருள்

டிராக்கிங் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் நேரலை அல்ல. ஸ்பீட் போஸ்ட் உறையில் ஒட்டப்படும் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அதில் 13 இடங்கள் உள்ளன: தொடக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் ஒன்பது இலக்கங்கள், இறுதியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். ஒன்பதாவது இலக்கம், முந்தைய எட்டும் பிழையின்றிப் பதிவாகியுள்ளனவா என்று சரிபார்ப்பதற்கானது. இந்த எண்ணை ஒருவர் ஸ்கேன் செய்யும்போதுதான் திரையில் ஒரு வரி தோன்றுகிறது. அடுத்த ஸ்கேன் வரை பார்சல் எங்கே இருக்கிறது என்பது திரைக்குத் தெரியாது. தனியார் கூரியர் நிறுவனங்களின் முறையும் அடிப்படையில் இதுவே. திரையில் தெரிவது பொருளின் தற்போதைய நிலை அல்ல; ஏதோ ஒரு தொழிலாளி கடைசியாகச் செய்த வேலையின் பதிவு.

வரைபடத்தில் புள்ளியாக நகர்ந்து வரும் உண்மையான நேரலை, சில சேவைகளில், கடைசிக் கட்டத்தில் மட்டுமே கிடைக்கிறது. அந்தப் புள்ளி பார்சல் அல்ல. பார்சலைச் சுமந்து வரும் மனிதர். அவரது கைபேசி, அவர் பணம் கட்டிய இணைய இணைப்பு, அவர் பெட்ரோல் நிரப்பிய வண்டி ஆகியவற்றின் துணையோடுதான் அந்தப் புள்ளி நகர்கிறது. இந்தச் சங்கிலியில் கிடங்கு உரிமையாளர் எங்கும் புள்ளியாகத் தெரிவதில்லை. ஒரு கிடங்கில் எத்தனை பேர் செய்ய வேண்டிய வேலையை எத்தனை பேர் செய்கிறார்கள், ஒரு விநியோகத் தொழிலாளியின் பையில் காலையில் எத்தனை பார்சல்கள் ஏற்றப்பட்டன என்ற விவரங்களும் திரைக்கு வருவதில்லை.

‘வீட்டில் இல்லை’ என்ற பொய்யின் பொருளாதாரம்

வீட்டில் இருந்தவரை ‘இல்லை’ என்று பதிவு செய்வது தவறு. வாடிக்கையாளரின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பொய் எங்கே பிறக்கிறது? கொடுத்து முடித்த பார்சலுக்கு மட்டும் கூலி. முடிக்காத பார்சலுக்கு விளக்கம், சில இடங்களில் அபராதம். முகவரி தேடி அலைந்த நேரத்துக்கும், பாதுகாவலர் தடுத்த வாசலில் காத்து நின்ற நேரத்துக்கும் கூலி இல்லை. இருட்டிய பிறகு பையில் மிஞ்சிய பார்சல்களுக்கு ஏதாவது ஒரு காரணத்தைப் பதிவு செய்தே தீர வேண்டும். ‘ஒரு மனிதரால் ஒரு நாளில் கொடுக்க முடியாத அளவு சுமை ஏற்றப்பட்டது’ என்ற காரணம் எந்த வாடிக்கையாளரின் திரையையும் வந்தடைவதில்லை.

மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் பீஸ் ரேட் கூலியைத் தனி அத்தியாயமாகவே ஆராய்ந்தார். இந்தக் கூலி முறையில் மேற்பார்வையின் பெரும்பகுதி தேவையற்றதாகிவிடுகிறது, தொழிலாளியே தன் வேலை நேரத்தை நீட்டிக்கொள்ளும்படி தள்ளப்படுகிறார் என்பது அவர் சுட்டிய உண்மை. இன்றைய நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே சென்றுள்ளது. எஞ்சிய மேற்பார்வையையும் ஊதியமில்லாமல் வாடிக்கையாளரிடமே ஒப்படைத்துவிட்டது. புள்ளியைக் கண்காணிப்பவர் வாடிக்கையாளர். தாமதமானால் தொழிலாளியை அழைத்துத் திட்டுபவரும், குறைந்த நட்சத்திரம் தந்து தண்டிப்பவரும் அவரே. நிறுவனமோ நடுநிலை வகிக்கும் தரகரைப் போல ஒதுங்கி நிற்கிறது. கோபம் உண்மையானது, அது போய்ச் சேரும் முகவரிதான் தவறானது.

சட்டம் என்ன சொல்கிறது?

நிதி ஆயோக் 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் நாட்டில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்ததாகவும், 2029-30இல் அது 2 கோடியே 35 லட்சமாக உயரும் என்றும் மதிப்பிட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இவர்களை மரபான முதலாளி – தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்தி வரையறுக்கிறது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் பங்களிக்க வேண்டும் என்கிறது. அதுவும் தொழிலாளர்களுக்கு வழங்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாது. வேலை நேரம், குறைந்தபட்சக் கூலி ஆகியவற்றை இந்தப் பங்களிப்பு தொடுவதே இல்லை.

ராஜஸ்தான் 2023இல் இயற்றிய சட்டம் வேறு ஒரு வாயிலைத் திறந்தது. ஒவ்வொரு பரிவர்த்தனையையும், தொழிலாளிக்குத் தரப்பட்ட தொகையையும், நலநிதிக் கட்டணத்தையும் அரசின் மையப்படுத்தப்பட்ட அமைப்பில் பதிவு செய்ய அது வகை செய்தது. அதாவது, டிராக்கிங்கை நிறுவனத்தின் மீதே திருப்பியது. அதே ஆண்டின் இறுதியில் ஆட்சி மாறியது. சட்டத்தின் அமலாக்கம் இழுபட்டது. கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டம் 1 முதல் 5 சதவீதம் வரை நலநிதிக் கட்டணம் விதிக்கிறது. தானியங்கிக் கண்காணிப்பு எப்படிச் செயல்படுகிறது என்று தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும் என்றும், வேலையிலிருந்து நீக்கக் காரணத்தோடு 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றும் கூறுகிறது. தொழிலாளர் போராடிய இடங்களில்தான் இவை சட்டமாகின.

வாடிக்கையாளருக்கும் சட்டம் உண்டு. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாடிக்கையாளர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். இந்த விதிகள் விநியோகத் தொழிலாளியை அல்ல, நிறுவனத்தையே பொறுப்பாக்குகின்றன. முகவரியைச் சரிசெய்யச் சிறு தொகை கட்டுமாறு இணைப்போடு வரும் குறுஞ்செய்திகளும், ‘உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள்’ என்று மிரட்டும் அழைப்புகளும் மோசடியே. பணம் பறிபோனால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும்.

பொதுத்துறை என்ற மாற்று

இந்திய அஞ்சல் துறைக்கு 1 லட்சத்து 64 ஆயிரத்துக்கும் அதிகமான அஞ்சலகங்கள் உள்ளன; அவற்றில் பத்தில் ஒன்பது கிராமப்புறங்களில் இயங்குகின்றன. லாபம் இல்லாத ஊருக்கும் பார்சல் சென்று சேர்வது இதனால்தான். ஆனால் அந்தக் கிராமங்களின் சுமையைத் தாங்கும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமிய அஞ்சல் ஊழியர்கள் முழுநேர அரசு ஊழியர்களாக ஏற்கப்படவில்லை. 4 அல்லது 5 மணி நேர வேலை என்று கணக்கிட்டே ஊதியம் தரப்படுகிறது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டு, தனிச் சேவையாக இல்லாமல் போனது. 2023ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம், கடிதங்களைக் கொண்டு செல்வதில் 1898ஆம் ஆண்டின் சட்டப்படி அரசுக்கு இருந்த தனியுரிமையைக் கைவிட்டது. ஆள் நியமிக்காமல், ஊதியம் தராமல், திரையை மட்டும் நவீனமாக்கினால் அஞ்சலகமும் தனியாரின் நகலாகவே மாறும்.

தோழர்களே!

கட்சி உறுப்பினர்கள் மக்களிடம் எடுத்துச் செல்ல வேண்டிய செய்தி எளிமையானது. பார்சல் தாமதமானால் வாசலில் நிற்கும் தொழிலாளியிடம் சண்டையிட வேண்டாம். புகாரை எழுத்துமூலம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். குடியிருப்புச் சங்கங்களில் விநியோகத் தொழிலாளர்களுக்குக் குடிநீரும் கழிப்பறையும் மின்தூக்கியும் மறுக்கப்படாமல் இருக்கக் குரல் கொடுங்கள். அவர்களைச் சங்கத்தில் சேர்க்கும் பணிக்குத் துணை நில்லுங்கள். ஒரு தொழிலாளிக்கு ஒரு நாளில் ஏற்றப்படும் சுமைக்கு உச்சவரம்பு, காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி, எரிபொருள் செலவு நிறுவனத்தின் பொறுப்பு, கிராமிய அஞ்சல் ஊழியர்களுக்கு நிரந்தரத் தகுதி ஆகிய கோரிக்கைகளைத் தொழிலாளியும் வாடிக்கையாளரும் சேர்ந்தே எழுப்ப முடியும். பார்சல் நேரத்துக்கு வந்து சேர்வதற்கும் இவையே வழி.

இன்று உழைப்பவரை மட்டும் நொடிக்கு நொடி காட்டும் திரை, அவரது உழைப்பில் லாபம் ஈட்டுபவரின் கணக்கையும் காட்டும்படி செய்ய வேண்டும். அதைச் செயலி செய்யாது. அமைப்பாகத் திரண்ட மக்களே செய்ய முடியும்.